கன்ட்ரோலரை மாற்றுமுன்

காஞ்சிபுரம் பட்டில் நிறம் திட்டுத்திட்டாக ஏறினால் பழி முதலில் சாயத்தின் மேல் விழுகிறது; அடுத்து, சாயச் சோதனைத் தொட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றச் சொல்கிறார்கள். அதற்குமுன் சூட்டை அளக்கும் சென்சாரைச் சந்தேகிப்பதே முறை. திரையில் தெரியும் 85 டிகிரி, சென்சார் இருக்கும் இடத்தின் சூடு மட்டுமே. அதன்மேல் உப்புப் படிந்தாலோ, தண்ணீர் கலக்கப்படாமல் நின்றாலோ, நூல்கழி மூழ்கிய மூலையில் சூடு வேறாக இருக்கும். பட்டு சாயத்தை இழுக்கும் வேகமும் மாறிவிடும்.

கைதேர்ந்த சாயக்காரரின் கண் போதாதா என்பார்கள். கண் நிறத்தைப் பார்க்கும்தான், ஆனால் சாயம் ஏறிய பிறகு. சென்சாரையோ முன்பே சோதித்துவிடலாம்: உருகும் பனிக்கட்டி நீரில் அது 0 காட்ட வேண்டும், கொதிநீரில் ஏறத்தாழ 100. இரண்டிலும் ஒரே அளவு பிசகினால் திருத்தம் கொடுத்தால் போதும். எண் தாவித் தாவி ஓடினால் ஒயரைப் பாருங்கள். எலி கடித்திருந்தாலும் வியப்பில்லை.