பழைய படகு வாங்கப் போகிறீர்களா?



"குனோங் ராபாட்டில் கடல் ஏது, படகு ஏது? வாத்தியாருக்கு இந்த மாதம் எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம்மைச் சுற்றி இருப்பவை சுண்ணாம்புக் குன்றுகளும், ஈயம் எடுத்தவர்கள் விட்டுப்போன குட்டைகளும்தாம். ஆனால், நம் சொந்தபந்தம் எல்லாம் ஈப்போவோடு முடிந்துவிடவில்லையே! தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ என்று ஆற்றோரத் தோட்டங்களில் எத்தனை குடும்பங்கள்! பேராக் ஆற்றில் ஊடாங் காலா பிடிக்கப் போகாத வீடு அங்கே குறைவு. மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போய்வருகிற நம் பிள்ளைகளும், "அப்பா, நாமும் ஒரு சம்பான் வாங்குவோமே" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வரும்போது, தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த மனிதருக்கு ஆசை வருவது இயற்கை. சிலர் வீடு கட்டுகிறார்கள். சிலர் பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறார்கள். சிலர் பழைய படகும் இயந்திரமும் வாங்குகிறார்கள். அப்படி வாங்கிய ஒருவரின் மனைவி எனக்கு எழுதிய கடிதம்தான் இந்த மாதக் கட்டுரைக்குக் காரணம்.

"என் வீட்டுக்காரர் சேமநிதிப் பணத்தில் பழைய சம்பானும் 15 குதிரைச் சக்தி இயந்திரமும் வாங்கினார். கடையில் தண்ணீர்த் தோங்கில் வைத்து முடுக்கியபோது நன்றாகத்தான் ஓடியது. ஆற்றில் பத்து நிமிடம் போனதும் இருமி இருமி நின்றுவிடுகிறது. கடைக்காரர் 'எண்ணெய் சரியில்லை' என்கிறார். பெட்ரோல் நிலையத்தில் 'எங்கள் எண்ணெயில் குறையில்லை, இயந்திரத்தைப் பாருங்கள்' என்கிறார்கள். மூன்று முறை கடைக்குத் தூக்கிப்போனோம். மூன்று முறையும் காசு. போன மாதம் தண்ணீர் வற்றும் நேரத்தில் இயந்திரம் நின்று, ஆறு அவரைக் கழிமுகம் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு மலாய்க்கார மீனவர் கயிறு போட்டு இழுத்துவந்தார். ஐயா, யார் சொல்வதை நம்புவது?"

அம்மா, இரண்டு பேர் சொல்வதையும் நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

குற்றம் எண்ணெயிலா, இயந்திரத்திலா?

முதலில், தெரிந்தவர் ஒருவரிடம் நன்றாக ஓடுகிற படகின் எண்ணெய்த் தோங்கையும் குழாயையும் அரை நாளைக்கு இரவல் கேளுங்கள். அதில் அன்றைக்கு வாங்கிய புது எண்ணெய் இருக்கட்டும். அதை உங்கள் இயந்திரத்தில் மாட்டி, கரைக்குப் பக்கத்திலேயே, படகில் வழக்கமான பாரத்தோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் குற்றம் உங்கள் எண்ணெயில், தோங்கில் அல்லது குழாயில் இருக்கிறது. அப்போதும் நின்றால் குற்றம் இயந்திரத்தில் இருக்கிறது. ஒரே சோதனையில் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

இரண்டாவது, இயந்திரம் இருமத் தொடங்கும்போது குழாயின் நடுவில் உள்ள ரப்பர்க் குமிழைக் கையால் அமுக்குங்கள். அமுக்கியதும் உயிர் வந்தால் எண்ணெய் போதிய அளவு ஏறவில்லை என்று பொருள். இயந்திரத்தின் எண்ணெய்ப் பம்பு தளர்ந்திருக்கலாம். குழாய் வெடித்து, வழியில் காற்றை உறிஞ்சலாம். தோங்கின் மூடியில் காற்றுத் திருகு ஒன்று உண்டு. அதைத் திறக்க மறந்தாலும் இதே நோய்தான். பத்து நிமிடம் ஓடும், பிறகு நிற்கும். திருகைத் திறந்ததும் சரியாகிவிட்ட இயந்திரத்துக்குப் பட்டறையில் காசு கொடுத்தவர்களும் உண்டு.

மூன்றாவது, தோங்கின் அடியில் இருக்கும் எண்ணெயைக் கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. இருந்தால் அடியில் தனிக் கோடாகத் தெரியும். எண்ணெயை உறிஞ்சும் குழாயும் தோங்கின் அடியில்தான் இருக்கிறது. ஆகவே, கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் அதுவே முதலில் இயந்திரத்துக்குள் போகும்.

இந்தச் சோதனைகளைக் கரையோரத்திலேயே செய்யுங்கள். பக்கத்தில் சிகரெட்டு, அடுப்பு எதுவும் கூடாது. எண்ணெயை வாயால் உறிஞ்சி எடுக்கவே கூடாது.

எண்ணெய் ஏன் கெடுகிறது?

பெட்ரோலும் ஒரு வகையில் பால்மரத்துப் பால் மாதிரிதான். வைத்தால் கெடும். அதில் உள்ள லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது பிசினாகி, கார்புரேட்டரின் ஊசித் துளைகளை அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த படகு என்றால் பழைய எண்ணெயை முதலில் வெளியேற்ற வேண்டும். அதை ஆற்றிலோ கால்வாயிலோ ஊற்றிவிடாதீர்கள். பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அரைகுறையாக நிரம்பிய தோங்கில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து தண்ணீராகும். நிறுத்திவைக்கும்போது தோங்கை நிரப்பி வையுங்கள், அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள். கடைசி ஓட்டத்தில் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சிய எண்ணெய் தீரும்வரை இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம். அப்போதும் இயந்திரத்தின் கீழ்ப்பகுதி தண்ணீரில் இருக்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஓட்டினால் அதன் தண்ணீர்ப் பம்பு கெட்டுவிடும்.

இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரமானால் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். பெரும்பாலும் 50க்கு 1 என்ற கணக்கு. அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டர்த் தோங்குக்கு அரை லிட்டர். உங்கள் இயந்திரத்தின் புத்தகத்தில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கப்சாய்க்கு ஊற்றும் எண்ணெயை இதில் ஊற்ற வேண்டாம். படகு இயந்திரத்துக்கென்று டிசி டபிள்யூ 3 என்று அச்சிட்ட எண்ணெய் கிடைக்கிறது. குறைத்துக் கலந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கூட்டிக் கலந்தால் புகையும், ஸ்பார்க் பிளக்கில் கரியும்தான் மிச்சம்.

கன்னியாகுமரிப் பக்கத்தில் மண்ணெண்ணெயில் படகு ஓட்டுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அது மண்ணெண்ணெய்க்கென்றே செய்த இயந்திரம். பெட்ரோலில் முடுக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நம் பெட்ரோல் இயந்திரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

டீசலில் நம் செம்பனை

பெரிய படகென்றால் டீசல். இதில் நமக்குச் சொந்தமான ஒரு கதை இருக்கிறது. நாம் பால்மரத்தை விட்டுச் செம்பனைக்கு மாறினோம் அல்லவா? நம் மக்கள் அறுத்துச் சுமந்த குலைகளின் எண்ணெய் இன்று டீசலிலும் கலக்கிறது. 2019 பிப்ரவரி முதல் நம் நாட்டில் வண்டிகளுக்கான டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இது நாட்டுக்கு நல்லது. ஆனால் படகுக்காரர் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கலவை ஈரத்தை எளிதில் இழுக்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வளர்ந்து கறுப்புச் சேறாகும். மேலும், பல ஆண்டுகளாகத் தோங்கில் ஒட்டியிருந்த அழுக்கையும் அது கரைத்துக் கொண்டுவரும். அதனால் பழைய படகு வாங்கியவர் முதல் சில மாதங்கள் வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி இல்லையென்றால் முதலில் அதை வாங்கிப் பொருத்துங்கள். நின்றுபோன இயந்திரத்தை இழுத்துவரும் செலவைவிட அது மலிவு.

விலையையும் மறக்கக்கூடாது. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஏறியது. 15 குதிரைச் சக்தி இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம் முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். படகின் விலையை மட்டும் பார்த்து மயங்காமல், மாதம் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைக்காரரிடம் பேசும் முறை

நம் மக்களிடம் ஒரு குணம். கடைக்குப் போனால், "தவுக்கே, பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். தோட்டத்துக் கடையில் 555 புத்தகத்தில் கடன் எழுதி வளர்ந்தவர்கள் நாம். அங்கே எழுதியது கடைக்காரர். இப்போது நீங்கள் எழுதுங்கள். அதே போன்ற சின்னப் புத்தகம் போதும். எந்தத் தேதியில் என்ன பழுது, போமன் என்ன சொன்னார், எந்தச் சாமான் மாற்றினார், எவ்வளவு காசு வாங்கினார், எத்தனை நாளில் மறுபடி நின்றது என்று வரிசையாக எழுதுங்கள். ரசீதுகளை அதற்குள்ளேயே மடித்து வையுங்கள். கைத்தொலைபேசியில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை:

1. தண்ணீர்த் தோங்கில் அல்ல, ஆற்றில் பாரத்தோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இயந்திரம் குளிர்ந்த நிலையில் முடுக்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

2. இயந்திரத்தின் பின்னால் சிறு பீச்சலாகத் தண்ணீர் விடாமல் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் குளிர்ச்சி இல்லை.

3. கீழ்ப்பகுதி கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

4. இயந்திர எண் தகடு இருக்கிறதா? சுரண்டியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். படகின் உரிமமும் பெயர் மாற்றமும் என்ன நிலையில் உள்ளன என்று காசு கொடுக்கும் முன்பே ஜபாத்தான் லாவுட்டிலும், மீன்பிடிப் படகானால் ஜபாத்தான் பெரிக்கானானிலும் விசாரியுங்கள்.

5. எத்தனை மாத உத்தரவாதம், கூலிக்கா சாமானுக்கா இரண்டுக்குமா, உதிரிச் சாமான் கிடைக்குமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது, வேலை தொடங்கும் முன் விலையைக் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். இது சண்டை பிடிப்பதல்ல. நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

உதிரிச் சாமானைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன்? 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரையில் தொண்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் கண்ணாடியிழைப் படகுகளைக் கொடுத்தன. அவசரத்தில் செய்த சில படகுகள் தரக்குறைவாக இருந்தன என்ற குறை பிறகு எழுந்தது. படகு வந்தால் மட்டும் போதாது. அதைப் பழுது பார்க்கும் கையும் சாமானும் பக்கத்தில் இருந்தால்தான் அது பிழைப்பு. இல்லாவிட்டால் கரையில் கிடக்கும் கட்டைதான்.

சட்டம் நமக்கும் உண்டு

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கடையில் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. பழைய பொருளுக்குப் பழைய பொருளின் தரம்தான் அளவுகோல். புதியதைப் போல ஓட வேண்டும் என்று கேட்க முடியாது. ஆனால் ஓடவே ஓடாததை ஓடும் என்று விற்கவும் முடியாது. பழுது பார்க்கும் வேலையும் தக்க கவனத்தோடு செய்யப்பட வேண்டும்.

பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஈப்போவில் உள்ள உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் பாரம் கிடைக்கும். அங்கே உங்கள் சின்னப் புத்தகம்தான் உங்களுக்காகப் பேசும்.

இரண்டு எச்சரிக்கைகள். கடையில் அல்லாமல் தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் உதவாது. மீன் பிடித்து விற்கும் தொழிலுக்கென்றே வாங்கியிருந்தாலும் மன்றம் ஏற்காமல் போகலாம். அப்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவை நாடலாம். தமிழில் ஆலோசனை கேட்கப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது.

கடிதம் எழுதிய அம்மாவுக்கும், தாய்மார்கள் அனைவருக்கும் கடைசியாக ஒரு வார்த்தை. படகு பழுதானால் பணம் போகும். பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம். ஆற்றில் போகிறவருக்கு மிதவைச் சட்டை, இரண்டு துடுப்பு, கயிற்றோடு ஒரு நங்கூரம், தண்ணீர் புகாத பையில் ஒரு தொலைபேசி ஆகிய நான்கும் இல்லாமல் இயந்திரத்தை முடுக்க விடாதீர்கள். இயந்திரம் நின்றால் முதலில் நங்கூரம், பிறகுதான் பழுது. தண்ணீர் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் தெரியாமல் கிளம்ப வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கும். ஆகவே தோங்கைக் கரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் சோதனை செய்து பார்த்துவிட்டு, குற்றம் எங்கே என்று தெரிந்ததும் எழுதுங்கள், அம்மா. கடைக்கு என்ன கடிதம் எழுதுவது என்று அடுத்த மாதம் இதே பக்கத்தில் சேர்ந்து யோசிப்போம். மற்ற வாசகர்களும் தங்கள் அனுபவத்தை எழுதலாம்.