அடுத்த ஆண்டும் பூப்பவை

வங்கிப் பணியில் இருப்போருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும்; வீடு மாறும்; வீட்டைச் சுற்றியுள்ள மண்ணும் மாறும். அவ்வாறு இடம்பெயர்ந்து வாழ்பவர்களுள் ஒருவன் என்ற முறையில், வீட்டுத் தோட்டம் பற்றிய ஒரு கருத்தை வாடிக்கையாளர்களாகிய உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். நம் தோட்டச் செலவிலும் உழைப்பிலும் பெரும்பகுதி, ஒரு பருவத்தோடு முடிந்துபோகும் செடிகளுக்கே செல்கிறது. அது பல்லாண்டு வாழும் செடிகளுக்குச் செல்ல வேண்டும்.

இதை நான் நாகபுரியில் கற்றுக்கொண்டேன். குடியேறிய முதல் நவம்பரில் நர்சரியிலிருந்து பெட்டூனியா, ஃப்ளாக்ஸ், பான்சி என 24 தொட்டிகள் வாங்கி வந்தேன். குளிர்காலம் முழுவதும் முற்றம் கண்ணைப் பறித்தது. மதிலோரத்தில், முன்பு குடியிருந்தவர் யாரோ நட்ட நந்தியாவட்டை ஒன்று நின்றது. அதன் நிழல் என் தொட்டிகள்மீது விழுகிறதென்று அதை வெட்ட ஆள் சொல்லிவிட்டேன். "பூஜைக்குப் பூவுக்கு எங்கேடா போவது?" என்று என் தாயார் தடுத்துவிட்டார். ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியபோது 24 தொட்டிகளிலும் சருகுதான் மிஞ்சியது. நந்தியாவட்டையோ நாள்தோறும் பூத்தது. ஆண்டிறுதிக் கணக்கு வேலையில் நான் நீர் ஊற்ற மறந்த நாள்களிலும் தாயாரின் பூக்கூடை வெறுமையாக இருந்ததில்லை.

வணிகவியல் படித்தவன் கண்ணால் பார்த்தால், பருவச் செடி வருவாய்ச் செலவு. பல்லாண்டுச் செடி மூலதனச் செலவு. ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்க வேண்டிய மேசை, நாற்காலி போன்ற மூலதனமன்று இது, ஆண்டுதோறும் வளர்வது.

ஆனால் மூலதனத்தை இடமறிந்து போட வேண்டும். ஊர் நினைவில் நான் ஆசையோடு நட்ட இட்லிப்பூ, நாகபுரியின் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கரிசல் மண்ணில் இலை மஞ்சளாகி நலிந்தது. பிழை செடியுடையதன்று, தேர்ந்தவனுடையது. எனவே நர்சரிக்குச் செல்லுமுன் அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளின் மதிலோரங்களைப் பாருங்கள். யாரும் பெரிதாகக் கவனிக்காமலே அங்குத் தழைத்து நிற்பது எதுவோ, அதுவே உங்கள் மண்ணுக்கும் ஏற்றது.

என் தேர்வில் முதலிடம் குண்டுமல்லிக்கு. மராட்டியத்தில் அதை மோக்ரா என்பார்கள். நவம்பர் இறுதியில் துணிந்து கவாத்து செய்தால் கோடையில் மொட்டு குவியும். அடுத்தது செம்பருத்தி. நல்ல வெயிலில் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். மாவுப்பூச்சி கண்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும். தரையில் இடமிருந்தால் பவழமல்லி. வங்காளத்தில் துர்கா பூஜைக் காலத்தை அறிவிக்கும் 'சியூலி' இதுவே. நீர் குறைந்த மொட்டைமாடிக்குக் காகிதப்பூ. அதற்கு நீர் மிகுந்தால்தான் பூ குறையும். வட மாநிலங்களில் வாழ்வோர் கறிவேப்பிலை நடும்போது ஒன்றை நினைவிற்கொள்க: கடுங்குளிரில் அது இலைகளை உதிர்க்கும். பட்டுப்போயிற்றென்று பிடுங்கி எறியாமல், நீரைக் குறைத்துக் காத்திருந்தால் மார்ச்சில் மீண்டும் துளிர்க்கும். அரளியும் நெடுநாள் வாழ்வதே. ஆயினும் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பதே நன்று.

"வாடகை வீட்டில் இருக்கிறோம், நாளை காலி செய்யப் போகிறவர்கள் எதற்கு நட வேண்டும்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். போத்து நட்ட செம்பருத்தி ஓராண்டுக்குள்ளேயே பூக்கத் தொடங்கிவிடும். பலனைக் காணாமல் போக நேராது. புறப்படும்போது நான்கு போத்துகளை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துச் சென்றால், செடி அங்கும் இருக்கும், உங்களோடும் வரும். பருவப் பூக்களை அறவே விலக்க வேண்டுமென்பதன்று என் வாதம். நான்கில் மூன்று பங்கு இடம் நிலைத்து வாழ்பவற்றுக்கும், ஒரு பங்கு பருவ அழகுக்கும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் கிட்டும்.

உங்கள் ஊரில் மழை தொடங்கும் வேளையில் ஒரு செடியாவது நடுங்கள். நாகபுரியை விட்டு வந்தபோது நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் ஒரு குண்டுமல்லியையும் ஒரு செம்பருத்தியையும் விட்டு வந்தேன். அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டிலும் வெட்ட வேண்டாமென்று தடுக்க ஒருவர் இருப்பார் என்று நம்புகிறேன்.