ஜாதகம் பார்த்தீங்க, ஹீமோகுளோபின் பார்த்தீங்களா?

என் மாணவச் செல்வங்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

வாட்ஸ்அப்பில் வருகிற பத்திரிகைகளில் பாதி அத்தை மகன், தாய்மாமன் கல்யாணம்தான். பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சாம். "ரத்தமும் பார்த்தோம் சார், ஓ பாசிட்டிவ்" என்கிறான் ஒருவன். அது ரத்த வகையப்பா!

கரும்பலகையில் வரைந்தது மறந்துவிட்டதா? ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலி, ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு அணு, அதைப் பிடித்து ஓர் ஆக்சிஜன். முதல் ஆள் ஏறிவிட்டால் அடுத்தவர் ஏறுவது சுலபம். பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். மரபணுவில் ஓரெழுத்து மாறி 6ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்தால், ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிவப்பணு அரிவாளாய் வளைகிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பதை 1952இலேயே லேமனும் கட்புஷும் எழுதிவிட்டார்கள்.

"அது மலைக்காரங்க நோய், நமக்கென்ன?" என்பீர்கள். பீட்டா சங்கிலியே குறைவாய் உருவாகும் தலசீமியா சாதி விசாரித்து வருவதில்லை. ஒரு மரபணு மட்டும் பழுதானவர் நன்றாகவே நடமாடுவார். வெறும் சோகை என்று இரும்பு மாத்திரை விழுங்குவார். தம்பதி இருவருக்கும் அதே பழுதென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஒரே தாத்தாவின் பழுது இரு பக்கமும் இறங்குவது சொந்தத்தில்தான் அதிகம்.

பிறகு பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றும்போது "மருமகள் ராசி" என்று பேச வெட்கமாயில்லை? பாதி உங்கள் மகன் கொடுத்தது.

ஸ்ரீமுஷ்ணத்தில் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனை எடுங்கள். ஒருவருக்கு மட்டும் இருந்தால் கல்யாணத்தை நிறுத்தவும் வேண்டாம். பெண்ணுக்கு மட்டும் எடுத்துவிட்டு என்னிடம் வந்து நிற்காதீர்கள்.