இடிக்குமுன் விசாரணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், எங்கள் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த அனகாபுத்தூரில், அடையாற்றங்கரையில் பல்லாண்டுகளாகக் குடியிருந்த ஏழைக் குடும்பங்களின் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்ட விஷயத்தை, மாற்று வீடு கொடுத்தாயிற்று என்னும் ஒரே சமாதானத்தோடு மறந்துவிட என் மனம் ஒப்பவில்லை.

ஆறு மீட்கப்பட வேண்டியதே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிக் கிடந்ததைக் கண்ட எவரும் அதை மறுக்கத் துணியார். ஆயினும், நம் புறநகர்களில் இத்தகைய குடியிருப்புகளுக்கு மின் இணைப்பு கொடுத்து, வீட்டு வரி வசூலித்து, அந்த விலாசத்துக்கே குடும்ப அட்டையும் வழங்கிய அதே சர்க்கார், பின்னொரு நாள் அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று அழைக்கும்போது, பாலிதீன் பையில் பத்திரப்படுத்திய ரசீதுகளை நீட்டி நிற்கும் ஒரு தாயின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்க அதிகாரி ஒருவர் இருக்க வேண்டாமா?

ஒண்டிக்கொள்ள ஓர் இடமும் பிழைக்க ஒரு தொழிலும் சர்க்கார் மனமிரங்கி அளிக்கும் தானமல்ல. இயற்கை உரிமைகள் என்று முன்னோர் வழங்கியவற்றின் நவீனப் பெயரே அடிப்படை உரிமைகள் என்று, 1967-இல் கோலக்நாத் வழக்கில் தலைமை நீதிபதி சுப்பா ராவ் விளக்கினார். ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கச் சட்டசபை வகுத்த நடைமுறை எதுவாயினும் போதும் என்று 1950-இல் ஏ.கே. கோபாலன் சென்னை ராஜ்யத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் கூறிய சுப்ரீம் கோர்ட்டே, 1978-இல் மேனகா காந்தி வழக்கில், அந்நடைமுறை நியாயமானதாகவும் இருந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில், ஜீவனோபாயமும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறி, அவர்களை அகற்ற அனுமதித்த போதிலும், மழைக்காலம் கழிந்து ஒரு மாதம் ஆகும்வரை, அதாவது அக்டோபர் 31 வரை, கைவைக்கலாகாது என்று அதே நீதிமன்றம் கட்டளையிட்டது. இவ்வளவும் ஏன்? அந்நிய ஆட்சியில் இயற்றப்பட்ட 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே, வெளியேற்றுமுன் நோட்டீஸ் கொடுத்துக் காரணம் கேட்க வேண்டும் என்கிறது. அப்பீலுக்கும் இடம் தருகிறது.

ஆகவே, இனி நம் புறநகர்களில் எந்த ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் ஒரு சுவரேனும் இடிபடுமுன், நில அளவை வரைபடத்தைச் செங்கற்பட்டு ஜில்லா நிர்வாகம் தாலுகா அலுவலகத்தில் யாவரும் காண வைக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே விசாரித்து, காரணம் காட்டும் உத்தரவை எழுத்தில் தர வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கும் பெற்றோரின் வேலைக்கும் எட்டும் தூரத்தில் மாற்று வீட்டின் சாவியைக் கையில் கொடுத்த பிறகே இயந்திரங்களைக் கொண்டுவர வேண்டும். இதைச் சலுகையாக யாசிக்கவில்லை; அரசியல் சட்டம் சர்க்காருக்கு விதித்துள்ள கடமையாகவே கோருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்,
மேற்குத் தாம்பரம்.