அறிவியல் பகுதி: கணினிக்குள் ஒரு கணினி

நம் முன்னோர் பயன்படுத்திய ஆட்டுக்கல்லும் அம்மியும் இன்று பயனற்றுக் கொல்லையில் கிடக்கலாம். ஆயினும் அவை செய்த வேலை யாது என்பதை நம் பிள்ளைகளுக்கு ஒரு பிடி அரிசியைக் கொண்டே காட்டிவிடலாம். பழைய கணினியின் நிலை அத்தகையதன்று. உள்ளிருக்கும் மின்சுற்று ஒன்று பழுதுபட்டால் அது வெறும் பெட்டியாகிவிடுகின்றது. அதற்கென எழுதப்பட்ட நிரல்களும் அதனுடன் ஊமையாகிவிடுகின்றன. ஊமையானவற்றை மீண்டும் பேசவைக்கும் வழி ஒன்று உண்டு. நம் வீட்டிலுள்ள லினக்ஸ் மேசைக் கணினியில் அதனை அமைத்துக்கொள்ளும் முறையை இத்திங்கள் காண்போம்.

அவ்வழிக்கு எமுலேட்டர் என்று பெயர். ஒரு கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல் என்று அதற்குப் பொருள் கூறலாம். பழைய கணினியின் செயலி ஒரு கட்டளையைப் படிக்கும், அதன் பொருளை உணரும், அதன்படி செய்யும், பின்னர் அடுத்த கட்டளைக்குச் செல்லும். எமுலேட்டரும் அவ்வாறே ஒவ்வொரு கட்டளையாகப் படித்து, பழைய செயலி என்ன செய்திருக்குமோ அதனையே செய்கின்றது. ஆதலின் பழைய நிரலுக்குத் தான் வேறோர் இயந்திரத்தில் இருப்பது தெரியாது.

எமுலேட்டர்கள் பல உள. அவற்றுள் நம் நாட்டோடு தொடர்புடைய ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம் 1981ஆம் ஆண்டு டிசம்பரில் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினியை வெளியிட்டது. நாட்டு மக்களுக்குக் கணினி அறிவைப் புகட்ட பி.பி.சி. மேற்கொண்ட பெருந்திட்டத்தின் ஒரு பகுதி அது. நம் இந்திய அரசு 1984இல் பள்ளிகளில் கணினிக் கல்வியைப் புகுத்த எண்ணி, ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த கணினியும் இதுவே. முதற்கண் ஏறத்தாழ 250 பள்ளிகள் அத்திட்டத்தில் சேர்ந்தன. ஏகார்ன் நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதனை இந்தியாவிலும் உருவாக்கிற்று. இன்று ஐம்பது வயதைக் கடந்த நம் அன்பர்களுள் சிலர் முதன்முதலில் விரல் வைத்த விசைப்பலகை இதுவாகவே இருத்தல் கூடும்.

‘நாற்பது ஆண்டுக்கு முற்பட்ட பொறியால் நம் பிள்ளைகளுக்கு என்ன பயன்?’ என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. இன்றைய கைபேசியை எத்துணை அறிவுடைய குழந்தையும் வெளியிலிருந்து தடவிப் பார்க்கலாமேயன்றி அதனுள்ளே நடப்பதை முழுதும் அறிந்துகொள்ள இயலாது. பி.பி.சி. மைக்ரோவோ ஒரு மனிதர் முழுமையாக அறிந்துகொள்ளத்தக்க அளவுடையது. அதன் செயலியாகிய 6502க்குத் தெரிந்த கட்டளை வகைகள் 56 மட்டுமே. நினைவகம் 32 கிலோபைட். அதாவது 32,768 எழுத்துகளைக் கொள்ளும் இடம். இச்சிறு இடத்திற்குள்ளேயே பெரிய காரியங்கள் நடந்தன. ஏகார்ன் நிறுவனத்தைச் சேர்ந்த சோபி வில்சன், ஸ்டீவ் பர்பர் ஆகிய இருவரும் ஆர்ம் என்னும் புதிய செயலியை வடிவமைத்தபோது, அதன் கட்டளைகள் சரிவர இயங்குமா என்பதை வில்சன் பி.பி.சி. மைக்ரோவிலேயே பேசிக் மொழியில் நிரல் எழுதி ஆய்ந்து பார்த்தார். பிறவாத செயலிக்கு அந்நிரலே எமுலேட்டர் ஆயிற்று! 1985இல் பிறந்த அச்செயலியின் வழித்தோன்றல்களே இன்று நம் கைபேசிகளில் மிகப் பெரும்பாலானவற்றை இயக்குகின்றன.

இனி அமைக்கும் முறைக்கு வருவோம். உபுண்டு அல்லது டெபியன் வகை லினக்ஸ் இருப்பதாகக் கொள்வோம். நாம் நிறுவப்போகும் எமுலேட்டரின் பெயர் பி-எம். இதன் மூல நிரல் கிட்ஹப் தளத்தில் ‘ஸ்டார்டாட்’ என்னும் குழுவினரின் பக்கத்தில் எவரும் பெறுமாறு வைக்கப்பட்டுள்ளது. மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றுவதற்குச் சில கருவிகள் முன்னரே வேண்டும். சமையலைத் தொடங்குமுன் பாத்திரங்களை எடுத்து வைப்பதைப் போன்றது இது. டெர்மினலைத் திறந்து, கிட், பில்ட்-எசென்ஷியல், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக் ஆகிய தொகுப்புகளையும், அலெக்ரோ நூலகத்தின் 5ஆம் பதிப்பையும், இசட்லிப் நூலகத்தையும் நிறுவுக. நூலகங்களைத் தேர்கையில் ‘டெவ்’ என்று முடியும் தொகுப்பையே எடுத்தல் வேண்டும். அதில்தான் நிரல் ஆக்குவோர்க்குரிய கோப்புகள் இருக்கும்.

பின்னர் மூல நிரலை இறக்கி, அந்த அடைவிற்குள் சென்று, ஆட்டோஜென், கான்ஃபிகர், மேக் என்னும் மூன்றையும் இவ்வரிசையிலேயே இயக்குக. இடையில் கான்ஃபிகர் நின்றுவிடின் அஞ்ச வேண்டியதில்லை. அது திரையில் காட்டும் கடைசி இரண்டு மூன்று வரிகளைப் படித்தால், இல்லாத நூலகத்தின் பெயர் அங்கே காணப்படும். அதனை நிறுவிய பின் மீண்டும் முயல்க. எல்லாம் முடிந்தபின் அதே அடைவிலிருந்தே பி-எம் நிரலை இயக்குதல் நன்று. பழைய கணினியின் நிலைநினைவகக் கோப்புகள் அங்கேயே உடன் உள்ளன. இத்துணை உழைப்பிற்கு நேரமில்லாதோர் ‘ஜே.எஸ்.பீப்’ என்பதனை உலாவியிலேயே திறந்து, நிறுவாமலே பயன்படுத்தலாம்.

சாளரம் திறந்தவுடன் இரு சுரங்களாய் ஒலி எழும். கறுப்புத் திரையில் கணினியின் பெயரும் பேசிக் மொழியின் பெயரும் வெள்ளெழுத்தில் தோன்றும். உங்கள் புதிய கணினி நொடிக்குப் பல நூறு கோடித் துடிப்புகள் கொண்டது, பி.பி.சி. மைக்ரோவின் துடிப்போ நொடிக்கு 20 இலட்சமே. ஆதலின் எமுலேட்டர் வேண்டுமென்றே காத்திருந்து, பழைய நடைக்கேற்பத் தன் நடையைத் தளர்த்திக்கொள்கின்றது.

விசைப்பலகையைப் பற்றிச் சிறிது எச்சரிக்கை வேண்டும். விசைகள் பொதுவாக இருப்பிடத்தால் ஒத்தவையேயன்றி, அவற்றின்மேல் பொறித்த குறிகளால் ஒத்தவையல்ல. இரட்டை மேற்கோள் குறிக்கு ஷிப்ட் விசையுடன் 2ஐ அழுத்துக. சமக்குறிக்கு ஷிப்டுடன் 0ஐ அடுத்துள்ள கழித்தல் குறி விசையை அழுத்துக. பிரேக் விசைக்கு ஈடாக நிற்பது எப்12. பேசிக் கட்டளைகள் பெரிய எழுத்திலேயே இருத்தல் வேண்டும். சிறிய எழுத்தில் இட்டால் ‘மிஸ்டேக்’ என்று அது கண்டிக்கும்.

இனிப் பிள்ளைகளை அருகில் அமர்த்திச் செய்யத்தக்க பயிற்சி ஒன்று கூறுவோம். இக்கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அதற்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கலாம். ஒவ்வோர் எழுத்தும் எட்டு வரிசையும் எட்டுப் பத்தியும் கொண்ட கட்டங்களால் ஆயது. பத்திகளுக்கு இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்புகள் உள. ஒரு வரிசையில் ஒளிர வேண்டிய கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அவ்வரிசைக்குரிய எண் கிடைக்கும். ‘ட’ என்னும் எழுத்திற்கு முதல் ஏழு வரிசையிலும் இடக்கோடி மட்டும் ஒளிரும், எனவே 128. எட்டாம் வரிசையில் அடிக்கோடு. வலக்கோடி அடுத்த எழுத்தோடு ஒட்டாதிருக்க அதனை விட்டுவிட்டுக் கூட்டினால் 254.

முதலில் ‘மோட் 4’ என இடுக. ஏனெனில் தொடக்கத்தில் தோன்றும் 7ஆம் திரைமுறையில் எழுத்துருவை மாற்ற இயலாது. பிறகு வி.டி.யு. என்னும் கட்டளையை (மூன்று ஆங்கில எழுத்துகளையும் புள்ளியின்றிச் சேர்த்து) இட்டு, அதன்பின் 23,224,128,128,128,128,128,128,128,254 என்று தருக. இதன்பின் அக்கட்டளையுடன் 224 என்று மட்டும் இட்டால் திரையில் ‘ட’ தோன்றும். ‘ப’ வேண்டுமாயின் 23,225 என்று தொடங்கி ஏழு முறை 130, ஒரு முறை 254. இரண்டையும் சேர்த்து 225,224 என இட்டால் ‘பட’ என்று வரும். ‘படம்’ என்னும் சொல்லை முடிப்பதற்குரிய ‘ம்’ எழுத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுக. எட்டே வரிசைக்குள் மகரத்தையும் அதன் தலைமேற் புள்ளியையும் எங்ஙனம் அடக்குவது என்று அவர்கள் தாளில் கட்டம் கீறிப் பார்க்கட்டும். இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பள்ளிக்குச் செல்லும் நம் குழந்தை, ஒரு தமிழ் எழுத்தின் வளைவையும் நிமிர்வையும் தன் கையால் எண்ணிக் கணக்கிட்டு அமைக்குமாயின், அவ்வெழுத்தை அஃது எளிதில் மறவாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ‘கிளாஸ்’ திட்டப் பள்ளிகளில் பயின்றோரும் பயிற்றியோரும் நம்மிடையே இருப்பின், அக்காலத்து நெகிழ்வட்டுகள் வீட்டில் உள்ளனவா என்று தேடிப் பார்ப்பாராக. அவற்றின் காந்தப் பூச்சு நாளடைவில் நலிந்துகொண்டே போகும். பூஞ்சை படர்ந்த வட்டைத் துடைக்காமல் இயக்கியில் செருகினால் அதுவும் கெடும், இயக்கியும் கெடும். தக்க கருவியுடையாரைக் கொண்டு அதனைக் கோப்பாகப் படியெடுத்துவிட்டால், எமுலேட்டர் அதனை உண்மை வட்டாகவே ஏற்றுக்கொள்ளும். எண்பது தடங்கள் கொண்ட வட்டின் ஒரு பக்கத்துச் செய்தி முழுதும் 200 கிலோபைட் கோப்பில் அடங்கிவிடும். இன்றைய ஒரு புகைப்படத்திற்கு வேண்டிய இடத்தினும் அது குறைவு. ஒரு மாணவர் 1985இல் எழுதிய நிரல் நூலகத்திலும் கிடையாது, கடையிலும் கிடையாது. அது வாழ்வதும் மறைவதும் அவ்வட்டை வைத்திருப்போர் கையிலேயே உள்ளன.