வாசற்படியிலேயே நிறுத்துவோம்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வெள்ளையடிப்பு முடிந்திருக்கும். அல்லது முடியாமல் பாதி வீடு நடுக்கூடத்தில் கிடக்கும். போகிக்கு முந்தைய வாரம் எல்லா வீட்டிலும் ஒரே நாடகம்தான். பரணிலிருந்து ஏதோ ஒன்று இறங்கும். "இது எப்போ வாங்கினது?" என்று ஒருவர் கேட்பார். "வாங்கலை, யாரோ கொடுத்தாங்க" என்பார் இன்னொருவர். "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்று வீட்டுப் பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். தூசி தட்டப்பட்டு அது மறுபடி பரணேறும். அடுத்த மார்கழி வரை அதற்கு அங்கே வாடகையில்லாக் குடித்தனம்.

அந்த வாடகையை நாம்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம். 600 சதுர அடி வீட்டுக்கு மாதம் 18,000 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 30 ரூபாய் ஆகிறது. துணி காயப்போட மட்டும் பயன்படும் டிரெட்மில், பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் நிற்கும் மூன்று சக்கர சைக்கிள், கதவு மூடாத பீரோ, சோபாவுக்குப் பின்னால் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் என்று 40 சதுர அடி போய்விட்டால், வருடத்துக்கு 14,400 ரூபாய். அங்கே இருக்கும் எல்லாவற்றையும் காயலான் கடையில் போட்டாலும் இந்தப் பணம் தேறாது.

இதை இந்த மாதம் எழுதக் காரணம், கும்பகோணத்து வாசகி ஒருவரின் கடிதம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். வந்தவள் 'மினிமலிசம்' என்று சொல்லி வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாளாம். "நாலு டம்ளர் போதும்கிறா, சரி. கொலு பொம்மையையும் யாருக்காவது கொடுத்துடும்மாங்கிறா. வருஷத்துல பத்து நாள்தானே வெளியே எடுக்கறேன்னு கணக்கு வேற. நீங்களே சொல்லுங்க சார், இது நியாயமா?"

நியாயமே இல்லை, அம்மா. ஆனால் உங்கள் மகள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த மினிமலிச அலைக்குப் பெரிய உந்துதல் ஜப்பானின் மரி கோண்டோ. 2010-இல் வந்த அவருடைய புத்தகம் உலகமெங்கும் விற்றது. 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரும் வந்தது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பாருங்கள், மனதுக்கு மகிழ்ச்சி தந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதே 2019-இல் அவருடைய நிறுவனம் இணையத்தில் ஒரு கடையையும் திறந்தது! மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு, 2023-இல், வீட்டை முன்போல ஒழுங்காக வைத்திருக்க முடியவில்லை, அதைக் கொஞ்சம் விட்டுவிட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காக எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

என் குறை அவர்மேல் இல்லை, இந்த மோஸ்தர்மேல்தான். அது தூக்கிப்போடக் கற்றுக்கொடுத்த அளவுக்கு, வாங்காமல் இருக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. காலியான அலமாரியைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருப்பதில்லை. அடுக்கி வைக்க ஒரே அளவில் பன்னிரண்டு டப்பா, டப்பாவுக்கு லேபிள், லேபிள் அடிக்க ஒரு கருவி என்று அடுத்த சுற்று தொடங்கிவிடும்.

குறைவாக வைத்துக்கொண்டு வாழ்வதை நாம் ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதும் இல்லை. புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலில் ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுபவர்கள், அடுத்த முறை அங்கேயே ஏழடிப்பட்டம் என்ற குகைக்கும் ஏறிப் பாருங்கள். சமணத் துறவிகளுக்காகப் பாறையைத் தேய்த்து வழவழப்பாக்கிய படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை, பக்கத்தில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு. ஒரு மனிதனின் வீட்டுச் சாமான் மொத்தமும் அவ்வளவுதான். துறவி கணக்கு குடும்பஸ்தனுக்கு ஆகாது என்பீர்கள். சரி, காமராஜரை எடுத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுகள் இந்த மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர், 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டில்தான் இறந்தார். அந்த வீடு இன்று நினைவில்லம். அதே தி.நகரில்தான் ரங்கநாதன் தெருவும் இருக்கிறது. ஆடித் தள்ளுபடிக்கு ரயிலேறி அங்கே போகிற நம்மில் எத்தனை பேர் நினைவில்லத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்திருப்போம்?

எல்லோரும் காமராஜர் ஆகிவிட முடியாது, வேண்டியதும் இல்லை. மூட்டுவலிக்கார மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் உள்ள வீட்டில் சாமான் இருக்கத்தான் செய்யும். ஆனால் சாமானின் பாரம் வீட்டில் எல்லோர்மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2001 முதல் 2005 வரை, கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற 32 நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்குள்ளேயே போய்ப் படமெடுத்து, பொருள்களை எண்ணி, உமிழ்நீர் மாதிரியும் எடுத்து ஆராய்ந்தார்கள். நான்கில் மூன்று வீடுகளில் கார் நிறுத்தும் இடம் சாமானால் நிரம்பி, கார் தெருவில் நின்றது. அதைவிட முக்கியமான செய்தி 2010-இல் வெளியான கட்டுரையில் இருந்தது. வீடு அடைசலாக இருக்கிறது, வேலை முடிந்தபாடில்லை என்று பேசிய மனைவிமார்களுக்கு, மாலைக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. கணவன்மார்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவாகத் தென்படவில்லை.

நம் ஊருக்கு இதைப் பெயர்த்துச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. கண்ணாடி அலமாரியில் இருக்கும் கோப்பைகளும் நினைவுப் பரிசுகளும் பெரும்பாலும் ஐயாவுடையவை. தூசி துடைப்பது அம்மா, அல்லது வீட்டு வேலைக்கு வருகிற இன்னொரு அம்மா. வீட்டில் பத்துப் பொருள் குறைந்தால் முதலில் ஓய்வு கிடைப்பது இந்த இருவரின் இடுப்புக்குத்தான். மினிமலிசத்தின் நன்மைகள் என்று மன அமைதி, தெளிவு என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இந்த ஒரு நன்மையே போதும்.

"இருக்கட்டும்" என்று சொல்லும் பெரியவரைக் கேலி செய்யவும் எனக்கு மனம் வராது. அவர்கள் காலத்தில் எடுத்து வைத்த எதற்கும் அடுத்த பிறவி இருந்தது. நூல் புடவை கிழிந்தால் தொட்டிலாகும். தொட்டில் நைந்தால் அடுப்பங்கரைக் கரித்துணி. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் தெருவில் வருவார். பழைய பட்டுப் புடவையைக் கொடுத்தால் எவர்சில்வர் குடம் வரும். அதற்கு நடக்கும் பேரத்தைத் தெருவே வேடிக்கை பார்க்கும். சேர்த்து வைக்கிற பழக்கம் அப்படியே நின்றுவிட்டது, பொருள்கள்தான் மாறிவிட்டன. ஒரு மழைக்கு ஊதிப்போகும் மரத்தூள் பலகை அலமாரியை எந்த ஆசாரியும் பழுது பார்க்கமாட்டார். பேட்டரி போன பொம்மைக்கு மறுபிறவி குப்பைமேட்டில்தான்.

துணி இன்னும் மோசம். பருத்திச் சட்டை என்றால் நமக்குத் திருப்பூர். அந்தச் சட்டைகளுக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் ஆண்டுக்கணக்கில் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுக் குட்டையாக மாறியது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிடவே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி சொல்வதை வேறு எங்கே கேட்டிருக்கிறோம்? கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை ஆற்றில் விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு செய்தால்தான் திறக்கலாம் என்றது. மூன்று வாங்கினால் இரண்டு இலவசம் என்று வீட்டுக்கு வரும் ஐந்து சட்டையில் இரண்டு மடிப்புக் கலையாமலே பீரோவில் கிடக்கிறதே, அதன் விலையில் நொய்யலின் பங்கு சேரவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டியே இல்லாத தவணை என்று எதுவும் கிடையாது என்று 2013-இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று வருவதில் வட்டி அளவுக்குத் தள்ளுபடி தருகிறார்கள். ஆனால் அந்த வட்டிமேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், பல வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில்தான். தொகை சிறியது. ஆனால் மாதம் நானூறுதானே என்ற நினைப்பில் ஐந்து தவணை சேர்ந்துவிட்டால், சம்பளம் வந்த அன்றே கரைகிறது.

என் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது வாங்கத் தோன்றினால் தினசரி காலண்டரில் ஒரு மாதம் தள்ளி, அந்தத் தேதித் தாளில் பொருளின் பெயரை எழுதிவிடுவோம். தாள் கிழிக்கிற அன்று இன்னும் தேவையாக இருந்தால் வாங்கலாம். போன ஆனியில் 'ஏர் ஃபிரையர்' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்ததைப் பார்த்து, எதற்காக ஆசைப்பட்டேன் என்று யோசிக்க வேண்டியதாயிற்று. மிக்ஸி பழுதானால் இந்த விதி செல்லாது, சட்னி காத்திருக்காது.

அடுத்தது விசேஷங்கள். நம் பரணில் பாதி நாம் வாங்கியதே இல்லை, 'ரிட்டர்ன் கிஃப்ட்' என்ற பெயரில் வந்தது. பிளாஸ்டிக் குங்குமச் சிமிழ், சாமி படம் போட்ட சாவிக்கொத்து, மூடி பொருந்தாத டப்பா. தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கோடு ஒரு தேங்காய் போதாதா? தேங்காய் மறுநாள் துவையலாகிவிடும், பரண் ஏறாது. கல்யாணத்துக்குப் போகும்போது சுவர்க் கடிகாரத்துக்குப் பதில் மொய் எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஆறு கடிகாரம் வந்திருக்கும்.

இனி கும்பகோணத்து வாசகியின் மகளுக்கு. கொலு பொம்மையை விட்டுவிடு, அம்மா. பத்து நாள்தான் என்றாலும் அந்தப் பத்து நாளும் அக்கம்பக்கத்தையே வீட்டுக்குள் கூட்டி வருகிறது. பாட்டி வாங்கிய மரப்பாச்சிக்கு நாள் கணக்குப் போடாதே. ஆனால் அம்மாவின் பீரோவைத் திறந்து பார். ஒரே மடிப்பில் வருடக்கணக்காக இருக்கும் பட்டுப் புடவை, மடிப்பிலேயே ஜரிகை விட்டுக் கிழியும். அதை மாற்றி மடிக்க ஆளில்லாத அளவுக்குப் புடவை சேர்ந்திருந்தால், சித்தி பெண்ணுக்கும் அத்தை பெண்ணுக்கும் கட்டக் கொடுத்துவிடு. நீ அடுத்த மாதம் பெங்களூர் போய் எதை ஆர்டர் செய்கிறாய் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லு. தூக்கிப்போடுவதில் காட்டும் வைராக்கியம் வாங்கும்போதும் இருந்தால், உன்னுடைய மினிமலிசத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றுக்கு இரண்டு புடவை இல்லாதவர்களிடம் போய் இதையெல்லாம் உபதேசிக்கும் உரிமை எனக்குக் கிடையாது. இது பரண் நிரம்பியவர்களுக்கு, அதாவது எனக்கும் உங்களில் பலருக்கும்.

கொடுப்பதிலும் மரியாதை வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் இருந்து வந்த பழைய துணி, நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தது. எல்லாம் இழந்து நின்ற மீனவக் குடும்பங்கள் கூட எடுக்க மனமில்லாத துணி. தில்லியின் 'கூஞ்ச்' அமைப்பு அதைத் தரம் பிரித்து, உபயோகத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கழிப்பதும் கொடுப்பதும் வேறு வேறு. துவைத்து, பொத்தான் தைத்து, நாமே திரும்ப உடுத்தக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும் கொடுங்கள்.

போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் ரெக்சின் பையையும் கொளுத்த வேண்டாம். 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தது நினைவிருக்கும். ஆஸ்துமாக்காரர்கள் எவ்வளவு தவித்திருப்பார்கள்! பழைய பாயும் ஓலையும் எரிந்த காலத்து வழக்கம் அது. எரிக்க நினைத்ததை மாநகராட்சி, நகராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

இந்த இதழையும் படித்து முடித்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். எங்கள் விற்பனைப் பிரிவு என்னைக் கோபித்துக்கொள்ளும், பரவாயில்லை. தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்பவர்கள் மட்டும் கிழித்துக்கொண்டு கொடுக்கலாம்.

இந்தத் தை முதல் பங்குனி வரை, வாங்க நினைத்து வாங்காமல் விட்ட ஒரு பொருளைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அஞ்சலட்டை போதும். சித்திரை இதழில் வெளியிடுகிறோம். பரிசு மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அதையும் நீங்கள் பரணில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
ஆசிரியர்