நேட்டிவ் மாதிரியே இருக்குமாமே?

மக்களே, "அப்ஸ்கேலிங் போட்டா நேட்டிவ் மாதிரியே இருக்கு, வித்தியாசமே தெரியலை"ன்னு யாராவது சொன்னா நான் கேக்குற முதல் கேள்வி: அண்ணாச்சி, உங்க மானிட்டர் எத்தனை? 4கே-ன்னு பதில் வந்தா தலையாட்டிட்டு நகர்ந்துடுவேன், அவர் சொல்றது பெரும்பாலும் சரி. 1080பி-ன்னு வந்தா உக்காரவெச்சுப் பேசணும். சிவகிரி, புளியங்குடி, தென்காசிப் பக்கம் கேம் ஆடுற எனக்குத் தெரிஞ்ச பயலுக அத்தனை பேரும் ரெண்டாவது கட்சிதான்.

இந்த ஏரியாவுக்குப் புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. திரையில இருக்குற ஒவ்வொரு புள்ளியையும் கிராபிக்ஸ் கார்டு கணக்குப் போட்டு வரையணும். புள்ளி கூடக்கூட கார்டு திணறும். அதனால சின்னதா வரைஞ்சு பெருசாக்கிக் காட்டுறது. என்விடியா இதுக்கு வெச்ச பேரு டி.எல்.எஸ்.எஸ்., ஏ.எம்.டி. வெச்சது எஃப்.எஸ்.ஆர்., இன்டெல் வெச்சது எக்ஸ்.இ.எஸ்.எஸ். 2018-ல முதல்ல வந்த டி.எல்.எஸ்.எஸ். சொல்லிக்கிற மாதிரி இல்லை. 2019 ஆரம்பத்துல பேட்டில்ஃபீல்டு 5, மெட்ரோ எக்ஸோடஸ் ரெண்டுலயும் கண்ணாடியில வாசலைன் தடவின மாதிரி இருக்குன்னு உலகமே திட்டுச்சு. 2020 மார்ச்சுல வந்த 2.0 தான் கதையை மாத்துச்சு.

என்ன மாத்துச்சு? ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமராவை ஒரு புள்ளிக்கும் குறைவா லேசா அசைச்சு வரையுது. முந்தின ஃப்ரேம்கள்ல கிடைச்ச தகவலையும் சேத்துக்கிட்டு, எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்ந்துச்சுன்னு கணக்குப் பாத்து ஒட்டுது. இது வெறும் ஊதிப் பெருசாக்குறது இல்லை, நிஜத் தகவலைச் சேமிச்சு வெச்சுக்கிற வேலை. அதே வருஷம் கணினிக்கு வந்த டெத் ஸ்ட்ராண்டிங்-ல மெல்லிசான கம்பியெல்லாம் நேட்டிவை விட ஒழுங்கா தெரிஞ்சுது. அதே கேம்ல காத்துல மிதக்குற தூசிக்குப் பின்னாடி வால் முளைச்சதும் நடந்துச்சு. எங்க போகுதுன்னு கேம் சொல்லாத பொருளை இது கோட்டை விட்டுடும். குற்றாலச் சாரல் மாதிரி பொடிசா விழுற மழையெல்லாம் இதுக்கு எமன் :-)

சரி, கணக்குக்கு வருவோம். 4கே திரையில மொத்தம் சுமார் 82.9 லட்சம் புள்ளி. 'குவாலிட்டி' மோடு போட்டா உள்ளுக்குள்ள 1440பி-யில வரையும், அதாவது 36.9 லட்சம். 1080பி திரையில மொத்தம் 20.7 லட்சம். அதுல 'குவாலிட்டி' போட்டா உள்ளுக்குள்ள 720பி, 9.2 லட்சம். ரெண்டுலயும் விகிதம் ஒண்ணுதான், நூத்துக்கு 44. அதைக் காட்டித்தான் "அங்க நல்லா இருந்தா இங்கயும் நல்லா இருக்கும்"ங்குறாங்க. நூறு ஏக்கர்ல 44 ஏக்கர் வெச்சிருக்கிறவனும், ஒரு ஏக்கர்ல 44 சென்ட் வெச்சிருக்கிறவனும் ஒண்ணா? தூரத்து மரத்தோட இலைக்கு 36 லட்சம் புள்ளியில ரெண்டு மூணு புள்ளி கிடைக்கும். 9 லட்சத்துல முழுசா ஒரு புள்ளி கூடத் தேறாது. சும்மா நிக்கும்போது பழைய ஃப்ரேம்ல இருந்து கடன் வாங்கி ஒப்பேத்தலாம். ஓட ஆரம்பிச்சா அந்தக் கடனும் முழுசாக் கிடைக்காது. 'பெர்ஃபார்மன்ஸ்' மோடு போட்டா இன்னும் கொடுமை: 960க்கு 540, 5.18 லட்சம் புள்ளி. நம்ம பழைய பால் டிவிடியே 4.15 லட்சம்!

'நேட்டிவை மிஞ்சிருச்சு'ங்குற பேச்சுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. எந்த நேட்டிவ்? இப்ப வர்ற கேம்கள்ல பெரும்பாலும் நேட்டிவ்னா டி.ஏ.ஏ. சேர்த்த நேட்டிவ். ஓரத்துப் பிசிறை மழுப்புற அந்த டி.ஏ.ஏ. படத்தையே மங்கலாக்கும். மங்கலான நேட்டிவை ஜெயிச்சதைப் போய் நேட்டிவையே ஜெயிச்சதா சொல்லிக்கிறாங்க. நியாயமா ஒப்பிடணும்னா டி.எல்.ஏ.ஏ.-வோட ஒப்பிடணும். அதே ஏ.ஐ., அதே வேலை, ஆனா உள்ளுக்குள்ள முழு அளவுல வரையும். 2021-ல இருந்து இருக்கு. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, 1080பி-யில சந்தேகமே வராது.

சிலர் 'கர்ணன்' படத்தை உதாரணமா இழுப்பாங்க. 1964-ல வந்த படம், 2012 மார்ச்சுல டிஜிட்டலாக்கி ரிலீஸ் பண்ணப்ப பளிச்சுன்னு இருந்துச்சே, அது மாதிரிதானே இதுன்னு. அது வேற சாமி. ஃபிலிம்ல பதிஞ்சு கிடந்ததைத் துடைச்சு வெளிய எடுத்தாங்க. கேம்ல வரையாத இலை எங்கயும் பதிஞ்சு கிடக்காது.

நான் அப்ஸ்கேலிங்குக்கு எதிரி இல்லைங்க. 2025 ஜனவரியில வந்த டி.எல்.எஸ்.எஸ். 4, பழைய ஆர்.டி.எக்ஸ். 20 வரிசை கார்டு வரைக்கும் வேலை செய்யுது, 1080பி-யில கூட முன்னைக்கு எவ்வளவோ தேவலை. சித்திரை வெயில்ல கார்டு சூடு குறையுதுன்னா அதுக்காகவே போடலாம். என் கோபம் வேற இடத்துல. 4கே-யில கிடைச்ச நல்ல பேரை வெச்சு 1080பி-காரன் தலையில மிளகாய் அரைக்கிறாங்க. 2023-ல வந்த ஆலன் வேக் 2 கேக்குற குறைந்தபட்சக் கணினியைப் பாருங்க. 1080பி, லோ செட்டிங், 30 ஃப்ரேம், அதுவும் அப்ஸ்கேலிங் போட்டு! 2025-ல வந்த மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் குறைந்தபட்சத்துக்கு 720பி-யை இழுத்து 1080பி-ங்குது. அதுல 'பரிந்துரைக்கிற' கணினியில 60 ஃப்ரேம் வர்றதே இடையில புது ஃப்ரேம் செருகுற ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டுத்தான். கஷ்டப்பட்டுக் காசு சேத்து கார்டு வாங்குற பையனுக்கு 720-ஐக் கொடுத்துட்டு 1080-ன்னு ரசீது போடுறது இது.

இன்னொண்ணு. நம்ம பக்கம் இன்னும் நிறைய பேர்கிட்ட ஜி.டி.எக்ஸ். 1650, செகண்ட்ஹேண்ட் ஆர்.எக்ஸ். 580 தான். இதுகள்ல டி.எல்.எஸ்.எஸ். ஓடவே ஓடாது. ஏ.ஐ. வெச்ச எஃப்.எஸ்.ஆர். 4-ம் 2025 மார்ச்சுல ஆர்.எக்ஸ். 9000 வரிசைக்குன்னுதான் வந்துச்சு. இவங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது ஏ.ஐ. இல்லாத பழைய எஃப்.எஸ்.ஆர். யூடியூப்ல எவனோ 4கே-யில ஒண்ணைக் காட்டிப் புகழ்றான், இவன் வீட்டுல ஓடுறது வேற ஒண்ணு.

கார்டு வாங்கப்போற தம்பிங்களுக்கு: யூடியூப் வீடியோவைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, வீடியோவைச் சுருக்கும்போதே பாதி நுணுக்கம் போயிடும், அப்புறம் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். அந்தக் கார்டு வெச்சிருக்கிற சிநேகிதன் வீட்டுக்குப் போங்க. 1080பி மானிட்டர், உங்க கேம், கம்பி வேலியோ செடி கொடியோ இருக்குற இடம், முடிஞ்சா மழை. அப்ஸ்கேலிங்கை அணைச்சு ஒரு தடவை, போட்டு ஒரு தடவை கேமராவை வேகமா சுத்துங்க. நின்ன இடத்துல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒப்பிடுறது வேலைக்கு ஆகாது. அணைச்சு வெச்சு எத்தனை ஃப்ரேம் வருதோ, அந்த நம்பருக்கு மட்டும் காசு கொடுங்க.